வகுப்பறையும் விசாவும்: ஜப்பானில் வெளிநாட்டவர்க்கான தனியார் மொழிப் பள்ளிகளின் வரலாறு (1896–2024)

1896-ஆம் ஆண்டு சீனாவின் சிங் அரசு 13 இளைஞர்களை டோக்கியோவுக்கு அனுப்பிவைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜப்பானிடம் போரில் தோற்று உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தது அந்த அரசு. வென்றவனிடமே போய்ப் படித்துவரச் சொல்லி அனுப்பிய அந்த இளைஞர்களை எங்கே சேர்ப்பது, யார் மொழி கற்பிப்பது என்பதற்கு ஜப்பானிடம் எந்த ஏற்பாடும் இல்லை. வெளியுறவையும் கல்வியையும் அப்போது சேர்த்துக் கவனித்துவந்த சயோன்ஜி கின்மோச்சி, டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவரான கானோ ஜிகோரோவிடம் அவர்களை ஒப்படைத்தார். ஜூடோவை உருவாக்கியவர் என்று உலகம் அறிந்த அதே கானோதான். காண்டா பகுதியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, அங்கேயே தங்கவைத்துப் பாடம் நடத்த ஏற்பாடு செய்தார் அவர். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமலும், தெருப் பையன்கள் தங்கள் சடையைக் கேலி செய்வதைப் பொறுக்க முடியாமலும் சிலர் சீக்கிரமே ஊர் திரும்பிவிட்டார்கள். மற்றவர்கள் நிலைத்து நின்று படித்தார்கள்.

வெளிநாட்டு மாணவர்களை வரவேற்கும் முடிவு அரசினுடையது. அவர்களுக்கு மொழி கற்பிக்கும் வேலையோ ஒரு தனிமனிதரின் வாடகை வீட்டில் நடந்தது. அடுத்த நூற்றிருபது ஆண்டுகளுக்கும் இந்த வேலைப் பங்கீடு பெரிதாக மாறவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஜப்பானிய மொழியைப் பிறருக்குக் கற்பிக்கும் முறைகளும் பாடநூல்களும் பெரும்பாலும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, தனியார் பள்ளிகளிலும் சங்கங்களிலும் உருவாயின. அரசு அந்தப் பள்ளிகளைத் திரும்பிப் பார்த்த தருணங்களில் அதன் கவலை வகுப்பறையைப் பற்றியதாக இருந்தது குறைவு. உள்ளே வருகிறவர் யார், எங்கே தங்குகிறார், எப்போது திரும்புவார் என்பதே அதன் முதல் கேள்வியாக இருந்தது.

ஆறு மாதச் சான்றிதழ்

கானோவின் வீட்டுப் பள்ளி வளர்ந்து 1902-இல் உஷிகோமே பகுதியில் கோபுன் காகுயின் என்ற பெயரில் முறையான கல்விக்கூடமாயிற்று. பிற்காலத்தில் லூ சுன் என்ற பெயரில் நவீனச் சீன இலக்கியத்தைத் தொடங்கிவைத்த இளைஞர் அந்த ஆண்டே அங்கே சேர்ந்தார். அவர் தன் சடையை அறுத்துக்கொண்டதும் அங்கே படித்த காலத்தில்தான். இரண்டாண்டுப் படிப்பை முடித்து 1904-இல் மருத்துவம் படிக்க செண்டாய் நகருக்குப் போனார்.

லூ சுன்னைப் போல இரண்டு ஆண்டு பொறுமையாக உட்கார்ந்து மொழி கற்றவர்கள் சிறுபான்மையினர். 1905-இல் சீனா தன் பழைய அரசுப் பணித் தேர்வு முறையை ஒழித்தது. பரம்பரையாக அந்தத் தேர்வுக்கென்றே படித்துவந்த குடும்பங்கள் வேறு சான்றிதழைத் தேடின. அதே ஆண்டு ஜப்பான் ரஷ்யாவை வென்றிருந்தது. கப்பல் செலவு குறைவு, பாதி எழுத்து ஏற்கெனவே தெரிந்தது. 1905, 1906 ஆண்டுகளில் டோக்கியோவில் இருந்த சீன மாணவர்கள் சுமார் 8,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. இவர்களில் பலர் சேர்ந்தது ஆறு மாதம், எட்டு மாதம், ஓராண்டு என்று நீண்ட 'விரைவுப் படிப்பு'களில். அந்த வகுப்புகளில் ஜப்பானிய ஆசிரியர் பேசுவார், பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் சீனத்தில் சொல்வார், மாணவர்கள் குறிப்பெடுப்பார்கள். ஹோசெய் பல்கலைக்கழகத்தின் சட்ட விரைவுப் படிப்பும் அப்படித்தான் நடந்தது. ஜப்பானிய மொழியில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாமலே ஜப்பானில் சான்றிதழ் வாங்கிவிட முடிந்தது.

இந்தச் சந்தையைக் குறிவைத்துப் புதிய பள்ளிகள் முளைத்தன. கல்வியை வியாபாரமாக்குகிறார்கள் என்ற புகார் ஜப்பானியப் பத்திரிகைகளிலேயே எழுந்தது. 1905 நவம்பரில் கல்வி அமைச்சகம் சீன மாணவர்களைச் சேர்க்கும் அரசு, தனியார் பள்ளிகளுக்கு ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. அதில் மாணவர்களைக் கொதிக்கவைத்தவை இரண்டு விதிகள்: மாணவர் தங்குமிடத்தைப் பள்ளி கண்காணிக்க வேண்டும், ஒழுங்கீனத்துக்காக ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவரை மற்றொரு பள்ளி சேர்க்கக் கூடாது. டோக்கியோவில் அப்போது கூடியிருந்த சீனப் புரட்சியாளர்களுக்குக் கழுத்தில் கயிறு விழுந்ததாகவே இது பட்டது. வகுப்புப் புறக்கணிப்பு தொடங்கியது. சென் தியன்ஹுவா என்ற மாணவர் டிசம்பர் 8 அன்று ஒமோரி கடலில் இறங்கி உயிர்விட்டார். ஏராளமானோர் ஊருக்குக் கப்பலேறினார்கள். அடுத்த ஆண்டு சீன அரசு விரைவுப் படிப்புக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. 7,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்திருந்த கோபுன் காகுயின் 1909-இல் மூடப்பட்டது.

விதித்தொகுப்பின் நோக்கம் கல்வித்தரம்தான் என்று அமைச்சகத்தின் பக்கம் நின்று வாதிடலாம். பாடத்திட்டம் பற்றிய விதிகளும் அதில் இருந்தன. ஆனாலும் மாணவர்களைத் தெருவுக்கு இழுத்தவை அவை அல்ல, தங்குமிடக் கண்காணிப்பும் சேர்க்கைத் தடையும்தான்.

காண்டாவின் ஆயத்தப் பள்ளி

கோபுன் காகுயின் விட்டுப்போன உண்மையான சொத்து அதன் ஆசிரியர்கள்தாம். அவர்களில் முக்கியமானவர் 1903-இல் அங்கே சேர்ந்த மாட்சுமோட்டோ காமேஜிரோ. ஜப்பானிய இலக்கணத்தைச் சீன மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டு விளக்கும் பாடநூலை 1904-இல் வெளியிட்டார். சீன மாணவரின் சிக்கலை அவர் சரியாகப் பிடித்திருந்தார். எழுத்தைப் பார்த்தால் அந்த மாணவருக்குப் பொருள் புரிந்துவிடும். அதனாலேயே வினைமுடிவையும் வேற்றுமை உருபையும் கவனிக்க மாட்டார். சில நாட்களில் ஜப்பானிய நூல்களைப் படிக்கக் கற்றுவிடலாம் என்று சீன அறிஞர் லியாங் சிசாவ் எழுதிய சிறுநூல் அப்போது பரவலாகப் புழங்கிக்கொண்டிருந்தது. கண்ணால் படிப்பதற்கு அது ஓரளவு உதவியிருக்கும். வகுப்பறையில் ஆசிரியர் வாயைத் திறந்ததும் அந்த வித்தை செல்லாது.

பெய்ஜிங்கில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு 1912-இல் திரும்பிய மாட்சுமோட்டோ, 1914-இல் காண்டாவில் தோவா உயர் ஆயத்தப் பள்ளியைத் தொடங்கினார். இப்பள்ளி ஏன் தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 1907-இல் இரு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஐந்து அரசு உயர்கல்விக் கூடங்கள் சேர்ந்து ஆண்டுதோறும் 165 சீன மாணவர்களை எடுத்துக்கொள்ளும். நுழைவுத் தேர்வில் தேறினால் சீன அரசின் உதவித்தொகை கிடைக்கும். தேர்வு ஜப்பானிய மொழியில். மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பாடம் கேட்ட காலம் இதோடு முடிந்தது. இரண்டு அரசுகள் சேர்ந்து ஒரு வாசலைக் கட்டின, ஆனால் அதற்கு ஏறும் படியைக் கட்டவில்லை. அந்த இடைவெளியில் வந்தது காண்டாவின் தனியார் பள்ளி. பல்கலைக்கழகத்துக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் நடுவே நிற்கும் ஆயத்தக் கூடம் என்ற, இன்றைய மொழிப் பள்ளியின் அடிப்படை வடிவம் அங்கே உருவானது.

அங்கே படித்தவர்களில் ஒருவர் 1917-இல் வந்த 19 வயது சோ என்லாய். 1918-இல் அவர் டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளித் தேர்வையும் முதலாம் உயர்பள்ளித் தேர்வையும் எழுதி, இரண்டிலும் தோற்றார். 1919-இல் நாடு திரும்பினார். பின்னாளில் சீனாவின் பிரதமரானவர் படித்த இடம் என்பதற்கான நினைவுக்கல் ஜிம்போச்சோவின் ஒரு சிறு பூங்காவில் நிற்கிறது. பள்ளிக் கட்டடமோ 1923 நிலநடுக்கத்தில் அழிந்தது. திரும்பக் கட்டினாலும் தனியாளாக நடத்த முடியாமல், 1925-இல் நிக்கா காக்காய் என்ற சீன மாணவர் நலச் சங்கத்திடம் மாட்சுமோட்டோ அதை ஒப்படைத்தார்.

நாகனுமாவின் கேள்விகள்

இதுவரை பேசிய மாணவர்கள் எல்லாரும் சீன எழுத்து தெரிந்தவர்கள். அது தெரியாதவருக்கு எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி கூர்மையடைந்தது அமெரிக்கத் தூதரகத்தில். அங்கே மொழி கற்க அனுப்பப்பட்ட இராணுவ, கடற்படை அதிகாரிகளுக்கு ஆசிரியர் தேவைப்பட்டார். ஜப்பானில் ஆங்கிலக் கல்வியைச் சீர்திருத்த 1922-இல் வந்திருந்த ஹரோல்ட் பாமர், தன்னோடு பழகிய நாகனுமா நவோஏ என்ற இளைஞரை 1923-இல் பரிந்துரைத்தார். நாகனுமா மொழியியல் படித்தவர் அல்லர். டோக்கியோ உயர் வணிகப் பள்ளியில் பட்டம் பெற்றவர்.

பாமரின் வாய்மொழி முறையை நாகனுமா ஜப்பானிய மொழிக்கேற்ப வளைத்துக்கொண்டார். அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட கேள்வி-பதில் முறை பார்ப்பதற்கு எளிது. மேசைமேல் ஒரு புத்தகம் இருக்கிறது. 'இது புத்தகமா?' 'ஆமாம், புத்தகம்.' 'இது பென்சிலா?' 'இல்லை, பென்சில் இல்லை.' 'இது புத்தகமா, பென்சிலா?' 'புத்தகம்.' 'இது என்ன?' நான்காவது கேள்வி வரும்போது மாணவர் அந்த வாக்கியத்தை நான்கு முறை கேட்டு, வெவ்வேறு வடிவில் சொல்லியும் பார்த்திருப்பார். இலக்கண விளக்கம் இன்னும் தொடங்கியே இருக்காது. படித்த பாடத்தைப் பற்றியும் இதே வரிசையில் கேள்விகள் வரும். ஆசிரியருக்குத்தான் கடினம். மாணவருக்குத் தெரிந்த சொற்களைத் தாண்டாமல் நிமிடத்துக்குப் பல கேள்விகளை அடுக்கிக்கொண்டே போக வேண்டும்.

1931-இல் தொடங்கி அவர் வெளியிட்ட ஏழு தொகுதிப் பாடநூல் வரிசைக்கு நேர்ந்தது விசித்திரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படை தன் மொழிப் பள்ளியில் அதையே பாடநூலாக வைத்தது. மேற்குக் கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் வெளியேற்றப்பட்டதால், ஆசிரியர்களைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பள்ளி 1942-இல் பெர்க்லியிலிருந்து கொலராடோவின் போல்டர் நகருக்கு இடம்பெயர வேண்டியிருந்தது. டோனல்ட் கீன் போன்ற பிற்கால ஜப்பானிய இலக்கிய அறிஞர்கள் அங்கே நாகனுமாவின் நூலை வைத்துத்தான் மொழி கற்றார்கள். அதே வேளையில் டோக்கியோவில், ஜப்பானின் ஆக்கிரமிப்புப் பகுதிகளில் மொழியைப் பரப்ப 1941-இல் அமைந்த ஜப்பானிய மொழிக்கல்வி ஊக்குவிப்புச் சங்கத்தில் நாகனுமா பணியாற்றிக்கொண்டிருந்தார். இரு படைகளுக்கும் பயன்பட்ட கைகள் ஒரே மனிதருடையவை. இதை வைத்து அவரைக் குற்றவாளியாக்குவதும் எளிது, மேதையாக்குவதும் எளிது. இரண்டையும்விட முக்கியம், போர்க்காலத்திலும் தன் காலனிகளிலும் மட்டுமே ஜப்பானிய அரசு மொழிக்கற்பித்தலில் முழுமூச்சாக இறங்கியது என்பது. தைவானில் 1895-இலேயே தொடங்கிய காலனியக் கல்வியும் அந்த வகைதான். தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த மக்களுக்குக் கற்பிக்க அதனிடம் பணமும் ஆளும் இருந்தன.

போர் முடிந்ததும் அந்தச் சங்கம் கலைக்கப்பட்டது. நாகனுமா 1946-இல் மொழி, பண்பாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, 1948-இல் அதன்கீழ் டோக்கியோ ஜப்பானிய மொழிப் பள்ளியைத் திறந்தார். தொடக்க கால மாணவர்களில் பெரும்பகுதி கிறித்தவ மிஷனரிகள். ஷிபுயாவில் இன்றும் நாகனுமா பள்ளி என்ற பெயரில் அது நடக்கிறது. கியோத்தோவில் 1950-இல் ஒரு மொழிப் பள்ளி உருவானது. அடுத்த முப்பது ஆண்டுகளில் இத்தகைய பள்ளிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தன.

பயிற்சி பெறுவோருக்கென்று எழுதிய பாடநூல்

1959-இல் வேறொரு கிளை முளைத்தது. ஆசிய நாடுகளின் தொழிற்சாலைப் பொறியாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் ஜப்பானில் பயிற்சியளிக்க, வர்த்தக அமைச்சகத்தின் ஆதரவில் ஏஓடிஎஸ் என்ற சங்கம் அமைந்தது. அதன் பின்னணியில் இருந்தவர் ஹோசுமி கோயிச்சி. ஆசிய மாணவர்களுக்காக டோக்கியோவில் ஏபிகே என்ற விடுதியையும் பண்பாட்டு மையத்தையும் உருவாக்கியவர் அவர். பயிற்சிக்கு வருகிறவர் சில வாரங்களில் தொழிற்சாலைத் தளத்துக்குப் போய்விடுவார். அதற்குள் அவருக்குக் கையில் கொஞ்சம் மொழி வேண்டும். இந்த நெருக்கடிக்காக 1970-களில் எழுதப்பட்டது 'நிஹோங்கோ நோ கிசோ'. 1990-இல் அது 'ஷின் நிஹோங்கோ நோ கிசோ'வாகத் திருத்தப்பட்டது. 1998-இல் தொழிற்சாலை வாடையை நீக்கிப் பொது வாசகருக்காக மாற்றியமைத்தபோது 'மின்னா நோ நிஹோங்கோ' பிறந்தது.

சென்னையில் ஜப்பானிய மொழி படித்தவர் எவருக்கும் இந்தக் கடைசிப் பெயர் தெரியும். 25 பாடங்கள் வீதம் இரண்டு தொகுதிகள். மூலநூல் முழுக்க ஜப்பானியத்தில், விளக்கமும் மொழிபெயர்ப்பும் தனி நூலில். சென்னைக்கும் இந்த வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு பாடநூலோடு நிற்பதும் இல்லை. அந்தப் பயிற்சித் திட்டத்தில் ஜப்பான் போய்வந்தவர்கள் சேர்ந்து நடத்தும் ஏபிகே-ஏஓடிஎஸ் டொசொகாய் தமிழ்நாடு மையம்தான் நகரில் பல்லாண்டுகளாக ஜப்பானிய வகுப்புகளையும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வையும் நடத்திவருகிறது. தொழிற்சாலைப் பயிற்சிக்கு வந்தவரின் அவசரத்துக்கென வகுத்த பாட வரிசையை இன்று கல்லூரி மாணவரும், கணினிப் பொறியாளரும், அனிமே ரசிகரும் அதே ஒழுங்கில் படிக்கிறார்கள்.

ஷாங்காய், நவம்பர் 1988

1983-இல் நகசோனே அரசு, 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் ஒரு லட்சம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கத் திட்டமிட்டது. அப்போது இருந்தவர்கள் சுமார் 10,000 பேர். இலக்கு அரசினுடையது, ஆனால் வருகிறவர்களுக்கு மொழி கற்பிக்க அரசுப் பள்ளிகள் எதுவும் கட்டப்படவில்லை. 1984-இல் மொழிப் பள்ளி மாணவர்களுக்கான நுழைவு நடைமுறை எளிதாக்கப்பட்டது. ஜேஎல்பிடி தேர்வு தொடங்கியதும் அந்த ஆண்டில்தான்.

பிறகு நடந்தது 1905-ஐப் படித்தவருக்குப் பழக்கமானது. யார் வேண்டுமானாலும் மொழிப் பள்ளி தொடங்கலாம் என்ற நிலையில், கட்டடத்தின் ஒரு மாடியும் நாலு மேசையும் போதுமாயின. யென் மதிப்பு ஏறிக்கொண்டிருந்த காலம். டோக்கியோவில் ஒரு மாதம் பாத்திரம் கழுவினால் ஷாங்காயில் ஓராண்டுச் சம்பளத்துக்கு மேல் கிடைக்கும். சேர்க்கை அனுமதிக் கடிதமும் உத்தரவாதக் கையெழுத்தும் விலைக்கு விற்றன. 1984-இல் சுமார் 4,000 ஆக இருந்த மொழிப் பள்ளி மாணவர்களின் புதிய வருகை 1988-இல் 35,000-ஐத் தாண்டியது. குடிவரவுத் துறை விழித்துக்கொண்டு சோதனையை இறுக்கியதும், பள்ளிகளுக்குப் பணம் கட்டிவிட்டு விசா கிடைக்காமல் நின்றவர்கள் 1988 நவம்பரில் ஷாங்காயில் ஜப்பானியத் துணைத் தூதரகத்தை நூற்றுக்கணக்கில் முற்றுகையிட்டார்கள்.

இந்த அவமானத்திற்குப் பிறகு, 1989-இல் பள்ளிகளைப் பரிசோதித்துச் சான்றளிக்க நிஷ்ஷின்க்யோ என்ற அமைப்பு உருவானது. ஆண்டுக்குக் குறைந்தது 760 பாடவேளை, வகுப்புக்கு 20 பேருக்கு மிகாமல் என்ற அளவுகோல்கள் நிலைபெற்றன. இந்த 760-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். நாளுக்கு 45 நிமிடப் பாடவேளை நான்கு, வாரத்துக்கு ஐந்து நாள், 38 வாரம். அரைநாள் படிப்பு. காலையில் ஒரு குழு, பிற்பகலில் ஒரு குழு என்று ஒரே அறையில் இரு மடங்கு மாணவர்களைப் பள்ளி வைத்துக்கொள்ளலாம். மாணவருக்கும் மீதி அரைநாள் வேலைக்குக் கிடைக்கும்; வாரத்துக்கு 28 மணி நேரம் என்ற வேலை வரம்பு அதற்கு வாகாகப் பொருந்துகிறது. கட்டணம் கட்ட வேண்டிய மாணவருக்கும், கடைகளுக்கு ஆள் தேவைப்படும் நகரத்துக்கும், இடம் குறைவான பள்ளிக்கும் ஒரே கால அட்டவணை உதவியது. கற்பித்தல் நோக்கில் மட்டும் வகுத்திருந்தால் அட்டவணை இப்படி அமைந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இன்னொரு பின்விளைவு, வகுப்பு வருகைப் பதிவேடு குடிவரவு ஆவணமானது. ஆசிரியர் 'வரவில்லை' என்று குறிப்பது மாணவரின் தங்கும் உரிமையைத் தொடும். 2017-இல் மொழிப் பள்ளி மாணவியாக ஜப்பான் வந்த இலங்கைப் பெண் விஷ்மா சந்தமாலி, படிப்பு நின்றபின் விசாத் தகுதியை இழந்தார். 2021 மார்ச்சில் நாகோயா குடிவரவுத் தடுப்பு மையத்தில் 33 வயதில் இறந்தார். அம்மரணத்தைப் பற்றிய விவாதம் தடுப்பு மையத்தின் மருத்துவக் கவனிப்பைச் சுற்றியது, பள்ளியைப் பற்றியதன்று. ஆயினும் பள்ளியில் பெயர் இருக்கும்வரைதான் நாட்டில் இடம் என்ற ஏற்பாட்டின் கடுமை அதில் தெரிகிறது.

எண்ணிக்கை

ஒரு லட்சம் இலக்கு 2003-இல் நிறைவேறியது: 1,09,508 பேர். 2008-இல் அடுத்த இலக்கு வந்தது, 2020-க்குள் மூன்று லட்சம். இதற்கிடையில் 2010-இல், மொழிப் பள்ளி மாணவர்களுக்கென்று தனியாக இருந்த விசா வகை, பல்கலைக்கழக மாணவர்களின் வகையோடு இணைக்கப்பட்டது. அதையடுத்து மாணவர் கணக்கெடுப்பிலும் இருவரும் சேர்ந்தே எண்ணப்பட்டார்கள். 2019-இல் 3,12,214 பேர் என்று இலக்கு எட்டப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது அதில் 83,811 பேர் மொழிப் பள்ளிகளில் இருந்தவர்கள். அவர்களைக் கழித்தால் 2,28,403 மட்டுமே. தேசிய இலக்கை எட்டவைத்த பள்ளிகளுக்குத் தனிச் சட்டம் என்று ஒன்று அப்போதும் இல்லை. அந்த ஆண்டு ஜூனில் நிறைவேறிய ஜப்பானிய மொழிக்கல்வி ஊக்குவிப்புச் சட்டம்தான், மொழிக்கல்வி அரசின் பொறுப்பு என்று முதன்முதலில் எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஆள் பற்றாக்குறையால் அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கான புதிய விசா வகையும் அதே ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல் அன்று.

மாணவர்களின் நாடும் மாறியது. 2011 நிலநடுக்கத்திற்குப் பிறகு சீன, கொரிய மாணவர்கள் குறைந்த இடத்தை வியட்நாமும் நேபாளமும் நிரப்பின. 2024-இல் நேபாளம் வியட்நாமை முந்தியிருந்தது. அந்த ஆண்டு மே மாதக் கணக்குப்படி 3,36,708 வெளிநாட்டு மாணவர்களில் 1,07,241 பேர் மொழிப் பள்ளிகளில் இருந்தார்கள். சீன எழுத்து தெரிந்தவர்களுக்கு மாட்சுமோட்டோ வகுத்த வழியும், நாகனுமாவின் கேள்வி வரிசையும், தொழிற்சாலைப் பாடநூலும் இன்று ஒரே வகுப்பறையில் கலந்திருக்கின்றன. அதைக் கலந்து கற்பிப்பவர் பெரும்பாலும் பாடவேளைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பகுதிநேர ஆசிரியர். தயாரிப்புக்கும் விடைத்தாள் திருத்தவும் செலவாகும் நேரம் பல இடங்களில் கணக்கில் வராது.

2023-இல் நிறைவேறி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அங்கீகாரச் சட்டம் இதில் ஒரு பகுதியைத் தொடுகிறது. மொழிப் பள்ளிகளை அங்கீகரிப்பது கல்வி அமைச்சகத்தின் பொறுப்பாகிறது. 'பதிவுபெற்ற ஜப்பானிய மொழி ஆசிரியர்' என்ற தேசியத் தகுதி முதன்முறையாக வருகிறது. முதல் சுற்றில் விண்ணப்பித்த 72 நிறுவனங்களில் 2024 அக்டோபரில் அங்கீகாரம் பெற்றவை 22. மற்றவற்றில் பல தங்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. அடுத்த மாதம் நடந்த முதல் ஆசிரியர் தேர்வை 17,655 பேர் எழுதி 11,051 பேர் தேறினார்கள். ஆசிரியர் ஊதியம் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லை. பழைய குடிவரவுத் துறைப் பட்டியலில் உள்ள பள்ளிகளுக்கு 2029 மார்ச் வரை அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதற்குள் அங்கீகாரம் பெறாத பள்ளி மாணவர் விசாவில் ஆள் சேர்க்க முடியாது.